நெல் ரகத்தின் பெயர் கொண்ட மேக்ரோக்கள் மட்டும் வேறு எக்செல் கோப்பிலிருந்து அழைத்தால் ஓட மறுப்பது ஏன்?

வெண்ணாற்றங்கரைக் கணக்கர், நீடாமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். நிரலாக்கத்தை முறையாகப் படித்தவன் அல்லன். எனக்கு முன் இருந்தவர் எழுதி வைத்துப் போன மேக்ரோக்களை, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை, திருத்தித் திருத்தியே ஓரளவு கற்றுக்கொண்டேன். ஆகவே, கேள்வி மிக எளியதாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

வலங்கைமான், குடவாசல், கொரடாச்சேரி, கூத்தாநல்லூர், பாபநாசம் ஆகிய ஐந்து ஊர்களில் எங்களுக்கு நெல் சேகரிப்பு மையங்கள் உள்ளன. மையத்துக்கு ஒரு எக்செல் கோப்பு. எடை போட்டவுடன் மூட்டை எண்ணிக்கை, எடை, ஈரப்பதம், ரகம் ஆகியவற்றைப் பதிந்து ஒரு பொத்தானை அழுத்தினால், கழிவு போக விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை கணக்கிடப்பட்டுச் சீட்டு அச்சாகும். கணக்கிடும் மேக்ரோக்கள் ஐந்து கோப்புகளிலும் தனித்தனிப் படிகளாக இருந்தன. வினை அங்கேதான் தொடங்கியது. அரசு கொள்முதல் விலையையே நாங்கள் அடிப்படையாகக் கொள்கிறோம். 2023–24 பருவத்தில் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,310 ரூபாயாகவும் பொது ரகம் 2,265 ரூபாயாகவும் இருந்த அந்த விலை, 2024–25 பருவத்தில் முறையே 2,450, 2,405 என்று உயர்ந்தபோது, நான்கு கோப்புகளைத் திருத்திவிட்டு ஐந்தாவதை விட்டுவிட்டேன். 60 கிலோ மூட்டை ஒன்றுக்கு 84 ரூபாய் குறைத்தே இரண்டு நாள் சீட்டுப் போட்டிருக்கிறோம். பக்கத்து ஊரில் நெல் போட்ட தம் மருமகனின் சீட்டையும் தம்முடைய சீட்டையும் மேசைமேல் சேர்த்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் நின்றார்; அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதனால் மேக்ரோக்கள் அனைத்தையும் 'விலை விகிதம்' என்ற ஒரே கோப்புக்கு மாற்றி, மையக் கோப்புகளிலிருந்து அவற்றை அழைக்க முடிவு செய்தேன். நிரல் வரிகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன.

அப்ளிகேஷன்.ரன் "'விலை விகிதம்.எக்ஸ்எல்எஸ்எம்'!பொன்னி"

இந்த வரி குறையின்றி ஓடுகிறது. 'மாப்பிள்ளைசம்பா' என்ற மேக்ரோவும் ஓடுகிறது. ஆனால், இதே வரியில் பெயரை மட்டும் ஏடிடி43 என்றோ, சிஆர்1009 என்றோ, டிபிஎஸ்5 என்றோ மாற்றினால், 1004 என்ற பிழை எண்ணுடன், மேக்ரோவை இயக்க இயலவில்லை, அது இந்தப் பணிப்புத்தகத்தில் இல்லாமலிருக்கலாம் அல்லது எல்லா மேக்ரோக்களும் முடக்கப்பட்டிருக்கலாம் என்ற செய்தி வருகிறது. விலைக் கோப்புக்குள்ளேயே வேறொரு மேக்ரோவிலிருந்து 'கால்' என்ற அழைப்புக் கட்டளை போட்டு அழைத்தால் அதே ஏடிடி43 ஒழுங்காக வேலை செய்கிறது. மூன்று நாளாக எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பாரம்பரிய ரகம் ஓடுகிறது, ஆராய்ச்சி நிலையத்து ரகம் ஓடவில்லை என்று அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள்.

பாமணியாறு, மன்னார்குடி

ஐயா, வணக்கம். வேறு கோப்பில் உள்ள மேக்ரோவை அழைக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அதனை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து, அதன் பிறகு வியப்புக்குறி இட்டு, மேக்ரோவின் பெயரை எழுத வேண்டும். அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். அடுத்தது, வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பு. ஒரே கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் கணினி அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒன்று என்று சேர்த்துவிடும். திறந்திருப்பது அந்தக் கோப்பாகவும் நிரல் தேடுவது பழைய பெயராகவும் இருந்தால் இதே 1004தான் வரும். எங்கள் அரிசி ஆலையில் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் எக்செல் இயல்பாகவே தடுத்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எக்ஸ்ப்ளோரரில் கோப்பின்மேல் வலச்சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அன்பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தடை நீங்கும். ஆனால், உங்கள் கோப்பில் பொன்னி ஓடுகிறது என்னும்போது இது காரணமாக இருக்க வழியில்லை.

எனக்கு எழும் ஐயம் இதுதான். ஓடாத மேக்ரோக்கள் பொதுவான மாட்யூலில் (நிரல் எழுதும் தனிப் பக்கத்தில்) இல்லாமல், ஏதேனும் ஒரு தாளின் பின்னால் எழுதப்பட்டிருக்கின்றனவா? அப்படியானால் மேக்ரோவின் பெயருக்கு முன்னால் அந்தத் தாளின் நிரல்பெயரையும் புள்ளியையும் சேர்க்காமல் எக்செல்லால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வெண்ணாற்றங்கரைக் கணக்கர்

விரைந்து மறுமொழி தந்தமைக்கு நன்றி. ரகத்துக்கு ஒன்றாக உள்ள பதினொரு மேக்ரோக்களும் 'ரகம்' என்ற ஒரே மாட்யூலில், ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன. தாளின் பின்னால் எதுவும் இல்லை. கோப்பின் பெயரிலும் கூடுதல் எண் ஏதும் சேரவில்லை. பொன்னிக்கும் ஏடிடி43க்கும் இடையே கழிவு விழுக்காட்டைத் தவிர நிரலில் வேறுபாடே கிடையாது.

அரசலாறு, கும்பகோணம்

கேள்வியிலேயே விடை இருக்கிறது. உங்கள் விலைக் கோப்பில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, இடப்பக்க மேல்மூலையில் செல்லின் பெயர் தெரியும் பெட்டியில் ஏடிடி43 என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்திப் பாருங்கள். சுட்டி வலப்பக்கம் வெகுதூரம் ஓடி ஒரு செல்லில் போய் நிற்கும். ஆடுதுறையின் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கமான ஏடிடி, எக்செல்லில் 800ஆவது நெடுவரிசையின் பெயர். ஏடிடி43 என்றால் அந்த நெடுவரிசையின் 43ஆவது செல். அதாவது, நீங்கள் மேக்ரோவுக்கு வைத்த பெயர் எக்செல்லின் கண்ணுக்கு ஒரு செல் முகவரி. திருப்பதிசாரத்து டிபிஎஸ்5 13,955ஆவது நெடுவரிசையிலும், சிஆர்1009 96ஆவது நெடுவரிசையிலும் இருக்கின்றன.

விலைக் கோப்புக்குள்ளிருந்து அழைத்தால் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். 'கால்' என்று எழுதும்போது அந்தப் பெயரைப் படித்துப் புரிந்துகொள்வது, மேக்ரோக்கள் எழுதப்படும் மொழியான விபிஏ. விபிஏக்குத் தாளும் தெரியாது, செல்லும் தெரியாது. எழுத்தில் தொடங்கும் பெயர் செல் முகவரி போல இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். அப்ளிகேஷன்.ரன் வழியாக அழைக்கும்போதோ, மேற்கோள் குறிகளுக்குள் நீங்கள் தருவது வெறும் சரம். அதைப் பிரித்துப் படிப்பது விபிஏ அன்று, எக்செல். கோப்பின் பெயர், வியப்புக்குறி, அதன்பின் ஒரு செல் முகவரி என்ற வடிவத்தைக் கண்டால் அது தாளின் சூத்திரத்தைப் படிப்பது போலத்தான் படிக்கும். இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1993இல் ஐந்தாம் பதிப்புடன் விபிஏ வருவதற்கு முன்பு எக்செல் மேக்ரோக்கள் தனி மேக்ரோத் தாள்களில், செல்களுக்குள் எழுதப்பட்டன. மேக்ரோ தொடங்கும் செல்லையே 'ரன்'னுக்குக் கொடுக்கும் வழக்கம் அக்காலத்தது, இன்றும் அது அனுமதிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் வரியைப் படித்த எக்செல், 43ஆவது செல்லில் ஒரு பழங்கால மேக்ரோ இருக்கிறதா என்று தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறது.

இது உங்கள் ஒருவருக்கு வந்த சோதனை அன்று. நெல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் பலரும் எக்செல்லுக்குப் பொறி வைத்தவர்களே: ஏடிடி36, கோ51, பிபிடி5204, 1966இல் வந்த ஐஆர்8 உட்பட அத்தனையும் செல் முகவரிகள். ஆங்கில எழுத்து மூன்றுக்கு மிகாமலும் அதன்பின் எண்ணும் இருந்தால் மாட்டிக்கொள்வோம். இராமநாதபுரம் பக்கத்து அண்ணா4 ஆங்கிலத்தில் நான்கெழுத்து என்பதால் தப்பிவிடும். கடைசி நெடுவரிசை 16,384ஆவது. மூன்றெழுத்துப் பெயர்களில் அதற்கு அப்பால் போகிறவை சொற்பமே.

உங்களுக்கு முன் இருந்தவரைக் குறை சொல்லவும் முடியாது. எக்செல் 2003 வரை ஒரு தாளில் 256 நெடுவரிசைகள்தாம் இருந்தன. அப்போது ஏடிடி43 வெறும் பெயர். 2007இல் தாள் 16,384 நெடுவரிசைகளாக அகன்றபோது ஆடுதுறை அதற்குள் வந்துவிட்டது. சிஆர்1009, கோ51, ஐஆர்8 போன்ற ஈரெழுத்துப் பெயர்கள் மட்டும் அந்தக் காலத்திலேயே முகவரிகளாக இருந்தவை.

தீர்வு எளிது. பெயரை ஏடிடி_43 என்று அடிக்கோடு சேர்த்தோ 'ரகம்ஏடிடி43' என்றோ மாற்றிவிடுங்கள். உடனே மாற்ற இயலாவிட்டால், மேக்ரோவின் பெயருக்கு முன்னால் மாட்யூலின் பெயரைச் சேர்த்து, வியப்புக்குறிக்குப் பின் ரகம்.ஏடிடி43 என்று எழுதிப் பாருங்கள். எனினும் பெயர் மாற்றுவதே நிலையான வழி என்பேன். ஏனென்றால், பின்னாளில் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் (கணக்கிட்டு விடையைத் திருப்பித் தரும் நிரல்) எழுதித் தாளின் செல்லில் சூத்திரமாகப் போட்டால் விடைக்குப் பதில், செல் முகவரி தவறு என்னும் ரெஃப் பிழைதான் வரும். மேக்ரோவைப் பதிவு செய்யும் பெட்டியில் இத்தகைய பெயரைக் கொடுத்தால் எக்செல்லே ஏற்க மறுக்கும். எடிட்டரில் கையால் தட்டும்போது மட்டும் யாரும் தடுப்பதில்லை.

பாமணியாறு

இருபது ஆண்டுகளாக எக்செல்லோடு மாரடிக்கிறேன், இது எனக்குத் தெரியாது. என் ஐயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் ஆலைக் கோப்பில் 'டிடிஎஸ்194' என்று ஒரு மேக்ரோ இருப்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அதை நான் இதுவரை வேறு கோப்பிலிருந்து அழைத்ததில்லை, அவ்வளவுதான்.

தணிக்கை அலுவலகத்தில் ஒருவர், மயிலாடுதுறை

அரசலாறு சொன்ன காரணம் சரியே. ஆயினும், பெயரை மாற்றிவிட்டு இத்துடன் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ரகத்துக்கு ஒரு மேக்ரோ என்று பதினொன்றை வைத்திருப்பதே எனக்கு உறுத்துகிறது. அடுத்த ஆண்டு ஆடுதுறையிலிருந்து புதிய ரகம் ஒன்று வந்தால் பன்னிரண்டாவது மேக்ரோ எழுதுவீர்களா? விலையும் கழிவு விழுக்காடும் நிரலுக்குள் இருக்க வேண்டியவை அல்ல. விலைக் கோப்பில் ஒரு தாளில் ரகம், பிரிவு, விலை, அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம் என்று அட்டவணை போட்டுவிட்டு, ரகத்தின் பெயர், எடை, ஈரப்பதம் மூன்றையும் வாங்கிக்கொண்டு தொகையைத் திருப்பித் தரும் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அட்டவணையில் ஏடிடி43 என்பது செல்லுக்குள் இருக்கும் வெறும் எழுத்து; அங்கே அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. அழைப்பு இப்படி இருக்கும்:

தொகை = அப்ளிகேஷன்.ரன்("'விலை விகிதம்.எக்ஸ்எல்எஸ்எம்'!நெல்தொகை", ரகம், எடை, ஈரம்)

விடையை வாங்கிக்கொள்வதால் அடைப்புக்குறி கட்டாயம். மேக்ரோவின் பெயருக்குப் பின் 30 அளவுருக்கள் (மேக்ரோவுக்குக் கொடுக்கும் மதிப்புகள்) வரை தரலாம். ஆனால், அவற்றைப் பெயர் சொல்லித் தர இயலாது, வரிசைப்படியே தர வேண்டும். எடையையும் ஈரத்தையும் இடம் மாற்றித் தந்தால் எக்செல் வாய் திறக்காது. 720 கிலோ எடையும் 19 விழுக்காடு ஈரமும் கொண்ட நெல், 19 கிலோ எடையும் 720 விழுக்காடு ஈரமும் கொண்டதாகிவிடும்.

அப்ளிகேஷன்.ரன் இல்லாமலும் இதைச் செய்யலாம். மையக் கோப்பின் எடிட்டரில் 'டூல்ஸ்', 'ரெஃபரன்சஸ்' என்று சென்று விலைக் கோப்பை இணைத்துவிட்டால், அதிலுள்ள ஃபங்ஷனைச் சொந்தக் கோப்பில் உள்ளது போலவே பெயர் சொல்லி அழைக்கலாம். எழுத்துப் பிழை இருந்தால் ஓட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும், மையக் கோப்பைத் திறந்தாலே விலைக் கோப்பும் தானாகத் திறந்துகொள்ளும். இணைப்பதற்கு முன், விலைக் கோப்பின் விபிஏ ப்ராஜெக்டுக்கு ஒரு தனிப்பெயர் வைக்க வேண்டும். எல்லாக் கோப்புகளுக்கும் இயல்பான பெயர் 'விபிஏப்ராஜெக்ட்' என்பதே. இரண்டும் அதே பெயரில் இருந்தால், பெயர் மோதுகிறது என்று இணைக்க மறுத்துவிடும். இம்முறையின் குறை, விலைக் கோப்பு இருக்கும் பாதை மாறினால் இணைப்பு அறுந்து, தொடர்பே இல்லாத வரிகளில்கூடப் பிழை காட்டும் என்பது. ஐந்து ஊரில் ஐந்து மடிக்கணினி என்னும்போது, ஒவ்வொன்றிலும் ஒரே பாதையில் கோப்பை வைத்துக் காப்பது உங்களால் இயலுமா என்பதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.

விலைக் கோப்பை எக்ஸ்எல்ஏஎம் என்ற ஆட்-இன் (எக்செல்லோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கோப்பு) வடிவில் சேமித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தாளின் செல்லிலிருந்து ஃபங்ஷனைக் கோப்புப் பெயரில்லாமல் அழைக்க அது உதவும். ஆனால், இன்னொரு கோப்பின் விபிஏயிலிருந்து அழைக்க வேண்டுமானால் அப்போதும் 'ரன்' வேண்டும், அல்லது ரெஃபரன்ஸ் வேண்டும்.

வெண்ணாற்றங்கரைக் கணக்கர்

அரசலாறு அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெயர்ப் பெட்டியில் தட்டிப் பார்த்தபோது அலுவலகமே என் பின்னால் வந்து நின்றது. ரகம்.ஏடிடி43 என்று மாட்யூல் பெயரைச் சேர்த்ததும் ஓடிவிட்டது. பிறகு மயிலாடுதுறை நண்பர் சொன்னபடி அட்டவணைக்கு மாறி, பதினொரு மேக்ரோவையும் நீக்கிவிட்டு ஒரே ஃபங்ஷன் எழுதினேன். பாதைச் சிக்கலை எண்ணி ரெஃபரன்ஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வேறு இரண்டு தொல்லைகள். முதலாவது, கழிவு எடையையும் தொகையையும் சேர்த்தே பெற வேண்டும் என்பதால், 'கழிவு' என்ற மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை) நான்காவது அளவுருவாக அனுப்பி, ஃபங்ஷனுக்குள் அதற்கு மதிப்பு ஏற்றினேன். தொகை சரியாக வருகிறது. கழிவு மட்டும் எப்போதும் பூஜ்யமாகவே திரும்புகிறது. இரண்டாவது, சீட்டு எண்ணை ஏற்றும் 'சீட்டெண்' என்ற மேக்ரோவையும் விலைக் கோப்புக்கு மாற்றினேன். அதில் திஸ்ஒர்க்புக்.ஷீட்ஸ் என்று தொடங்கும் வரியில் 9ஆம் எண் பிழை வருகிறது. ஆக்டிவ்ஒர்க்புக் என்று மாற்றினால் சில வேளை சரியாகவும், சில வேளை விலைக் கோப்பிலேயே எண்ணை எழுதியும் வைக்கிறது.

அரசலாறு

முதலாவதற்கு: அப்ளிகேஷன்.ரன் அளவுருக்களின் மதிப்பை மட்டுமே கொண்டுபோய்க் கொடுக்கும்; மாறியையே கொடுக்காது. மாறியையே கொடு என்று பொருள்படும் பைரெஃப் என்பதை ஃபங்ஷனில் எழுதியிருந்தாலும் அங்கே செய்த மாற்றம் இங்கே திரும்பி வராது. ஒரே கோப்புக்குள் 'கால்' செய்து பழகியவர்கள் அனைவரும் இதில் ஒரு முறை ஏமாந்தே தீர்வார்கள். இரண்டு விடை வேண்டுமானால், ஃபங்ஷன் ஒரு அரேயை (மதிப்புகளின் வரிசையை) திருப்பித் தரட்டும். முதல் உறுப்பு தொகை, இரண்டாவது கழிவு என்று வைத்துக்கொண்டு, எவ்வகை மதிப்பையும் ஏற்கும் வேரியன்ட் வகை மாறியில் வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கு: திஸ்ஒர்க்புக் என்பது நிரல் எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் கோப்பு, அழைத்த கோப்பு அன்று. நிரல் வலங்கைமான் கோப்பில் இருந்தவரை அந்தச் சொல் வலங்கைமானைக் குறித்தது. நிரல் குடிபெயர்ந்ததும் சொல்லின் பொருளும் அதனோடு பெயர்ந்துவிட்டது. விலைக் கோப்பில் 'சீட்டு' என்ற தாளே இல்லை, அதனால்தான் 9. ஆக்டிவ்ஒர்க்புக் என்பதோ அந்த நொடியில் எது முன்னால் இருக்கிறதோ அது. விலைக் கோப்பை ஒர்க்புக்ஸ்.ஓப்பன் மூலம் திறந்த மறுகணமே அதுவே முன்னால் வந்துவிடும். முன்பே திறந்திருந்தால் மையக் கோப்பு முன்னால் நிற்கும். உங்கள் 'சில வேளை' இதுதான்.

அழைக்கும் கோப்பின் பெயரையும் ஓர் அளவுருவாக அனுப்பி, அந்தப் பக்கம் ஒர்க்புக்ஸ்(கோப்புப்பெயர்).ஷீட்ஸ்("சீட்டு") என்று எழுதினால் குழப்பம் தீரும். இதைவிட நல்லது, 'சீட்டெண்' மேக்ரோவை மையக் கோப்புக்கே திருப்பி அனுப்பிவிடுவது. கணக்கிட்டு விடை சொல்வது மட்டும் பொதுக் கோப்பின் வேலையாக இருக்கட்டும். தாளில் எழுதுவதும் அச்சிடுவதும் அந்தந்த மையத்தின் வேலை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்கும் ஆர்வத்தில் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. அழைக்கும் வரிக்கு மேலே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' (பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ) என்று இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 'ரன்' தோற்றுப்போனால் 'தொகை' மாறியில் முந்தைய மதிப்பு அப்படியே தங்கிவிடும். சுழற்சியில் சீட்டுகள் அச்சாகும்போது முன்னால் போனவரின் தொகை பின்னால் வந்தவரின் சீட்டில் ஏறும். 1004 பிழை எவ்வளவோ மேல்.

அக்னியாறு, பட்டுக்கோட்டை

வெண்ணாற்றங்கரைக் கணக்கர் கோப்பின் பெயரைத் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு சொல். ஒலிப்புக்காக எழுதியதாகச் சொன்னீர்கள். ஆனால், யாரேனும் உண்மையாகவே கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் என்னாகும் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடலாம். விண்டோஸும் எக்செல்லும் தமிழ்ப் பெயரை மறுப்பின்றி ஏற்கும். விபிஏ எடிட்டர் மட்டும் யூனிகோடு அறியாதது. மேற்கோள் குறிக்குள் தமிழில் தட்டினாலோ ஒட்டினாலோ எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். தேங்காய் மண்டிக் கணக்குக்குத் தமிழில் பெயர் சூட்டி மகிழ்ந்த நான், நிரலில் வரிசையாக நின்ற கேள்விக்குறிகளைப் பார்த்து விழித்தேன்.

இதற்கு வழி உண்டு. கோப்பின் பெயரை மையக் கோப்பின் ஏதேனும் ஒரு செல்லில் தமிழிலேயே எழுதி வைத்து, நிரலில் அந்தச் செல்லின் மதிப்பைப் படித்துக்கொள்ளலாம். எடிட்டரால் காட்ட முடியாதே தவிர, மாறிக்குள் தமிழ் எழுத்துகள் சேதமின்றித் தங்கும். கோப்பைத் திறக்கும்போதே அதை ஓர் ஆப்ஜெக்ட் மாறியில் பிடித்துக்கொண்டு, பெயரை அதனிடமே கேட்டுப் பெறுவது இன்னும் தூய்மையானது. எண்ணை எழுத்தாக்கும் 'சிஎச்ஆர்டபிள்யூ' ஃபங்ஷனில் க என்பதற்கு 2965 என்று எண் எண்ணாகக் கோப்பதும் ஒரு வழிதான், பொறுமை உள்ளவர்களுக்கு. கோப்பு இருக்கிறதா என்று 'டிர்' ஃபங்ஷனைக் கேட்காதீர்கள். அதுவும் யூனிகோடு அறியாதது. ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் அறியும்.

வெண்ணாற்றங்கரைக் கணக்கர்

எல்லாம் கூடி வந்துவிட்டது. நேற்று வலங்கைமானில் சோதித்தோம்: ஆடுதுறை 43, 12 மூட்டை, 720 கிலோ, ஈரப்பதம் 19 விழுக்காடு. எங்கள் வழக்கப்படி 17க்கு மேற்பட்ட ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் எடையில் ஒரு விழுக்காடு கழிப்பதால், 14.4 கிலோ போக 705.6 கிலோவுக்குக் குவிண்டால் 2,450 வீதம் 17,287 ரூபாய் 20 காசு என்று சீட்டு வந்தது. கையால் போட்ட கணக்கும் அதுவே. பிறகு விலைக் கோப்பின் அட்டவணையில் விலையை மட்டும் மாற்றி, அந்த ஒரே கோப்பை ஐந்து மையங்களுக்கும் அனுப்பிப் பார்த்தோம். ஐந்திலும் தொகை மாறியது. 'ஆன் எரர்' வரி உண்மையாகவே இருந்தது; எடுத்துவிட்டேன்.

கொரடாச்சேரியில் மட்டும் ஒரு புதிர் இருந்தது. அங்கே பொத்தானுக்குப் பதில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தும் குறுக்குவழி வைத்திருந்தார்கள். விலைக் கோப்பு திறக்கும், அதோடு மேக்ரோ பிழை எதுவும் சொல்லாமல் நின்றுவிடும். பொத்தானை அழுத்தினால் முழுவதும் ஓடுகிறது. இதற்கும் ஏதேனும் பெயர் ராசி உண்டா?

அரசலாறு

இதற்குப் பெயர் காரணமில்லை, விரல் காரணம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு கோப்பைத் திறந்தால், அதன் தொடக்க மேக்ரோக்கள் ஓட வேண்டாம் என்று எக்செல்லுக்குச் சொல்வதாகப் பொருள். குறுக்குவழியில் ஷிஃப்ட் இருப்பதால், ஒர்க்புக்ஸ்.ஓப்பன் வரி வரும்போது விரல் இன்னும் விசைமேல் இருக்கிறது; அந்த வரியோடு உங்கள் மேக்ரோவும் நின்றுவிடுகிறது. குறுக்குவழியிலிருந்து ஷிஃப்டை நீக்கிவிட்டு வேறோர் எழுத்தைக் கொடுங்கள். கன்ட்ரோல், எஸ் இரண்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கோப்பைச் சேமிக்க நினைக்கும்போதெல்லாம் சீட்டு அச்சாகும்.

வெண்ணாற்றங்கரைக் கணக்கர்

கன்ட்ரோல், க்யூ என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஓடுகிறதாம்.